மருமகளின் கடைசி பெனால்டி

டிவியில் இறுதிப் போட்டி முடிய ஒரு நிமிடம்தான் இருந்தது. மருமகள் பெனால்டி அடிக்கப் பந்தை வைத்தாள். இதைக் கோலாக்கினால் கிளப் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளும். கோட்டைவிட்டால், முப்பத்து மூன்று வயது ஃபார்வர்டை யார் சீந்துவார்கள்?

"வெளியே போகணும்... வெளியே போயிடணும்..." கைகூப்பி முணுமுணுத்தாள் மாமியார்.

மேட்ச் பார்க்க வந்திருந்த, மாடிக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னம்மா நீங்க! அந்தப் பொண்ணோட பொழப்பே இதுலதான் இருக்கு. மருமகளைக் கண்டா அவ்வளவு ஆகாதா?"

"ஆகாதுன்னு யார் சொன்னா? தினமும் அவ முட்டிக்கு ஐஸ் வெச்சு விடுறதே நான்தான்."

"அப்புறம் ஏன் இப்படி வேண்டிக்கிறீங்க?"

மாமியார் டிவிக்கு இன்னும் அருகே நகர்ந்தாள்.

விசில் ஒலித்தது. கோல்! டீச்சர் துள்ளிக் குதித்தாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திரையில் மருமகள் தன் அணியை விட்டுவிட்டு, தரையில் குப்புற விழுந்து அழும் கோல்கீப்பரிடம் ஓடினாள்.

"அட, எதிர் டீம் பொண்ணைப் போய்க் கட்டிப்பிடிக்கிறாளே!"

"பிடிக்காம? அவ நாத்தனாராச்சே," என்றாள் மாமியார். "பாவம், எம் பொண்ணுக்கு இதுதான் முதல் மேட்ச்."