முந்நூறு கதியால்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே, ஏப்ரல் வெயில் சூடில்லாமல் தோட்டத்தில் விழுந்து கிடக்கிறது. கூடை முடைபவர்களுக்கு விற்கவென்று நட்ட முந்நூறு வில்லோத் தடிகளின் தலையிலும், ஊரில் வேலிக்கு நடும் கதியாலுக்கு வைப்பதுபோல், உருண்டை உருண்டையாய்ச் சாணம் காய்ந்திருக்கிறது. நான்கு கிழமையாகியும் ஒரு துளிர் இல்லை. இழுத்துப் பார்த்தால் இருக்கிற வேரும் அறுந்துவிடும் என்று கணவன் பிருந்தன் நூறு தரம் சொல்லியும், அவன் அந்தப் பக்கம் குனிந்து தண்ணீர் விடும் நேரம் பார்த்து, தக்சாயினி ஒரு தடியை இழுத்துவிடுகிறாள். மண்ணுக்குள் பொட்டுப் பொட்டென்று ஏதோ அறுகிறது. அடியில் நூல் நூலாய் வெள்ளை வேர்கள், பாதியில் அறுந்து தொங்குகின்றன. “இஞ்சரும், ஒண்டும் பிடிக்கேல்லைப் போல. இருந்த வேலையையும் விட்டிட்டு வந்திட்டம்,” என்கிறான் அவன், நிமிராமலே. தடியை அதே குழியில் குத்தி, மண்ணை அமுக்குகிறாள். ‘பிடிச்சிட்டுது’ என்ற சொல் தொண்டைவரை வந்து நிற்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்பானே.