பத்துக்கு ஒன்பது

"உண்மையைச் சொல்லு அனீஸா. இந்தப் பேப்பரை முன்னாடியே எங்கயாவது பார்த்தியா?"

"இல்ல டீச்சர்."

சுகிர்தா விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அம்பிட்டிய வீதியில் இறங்கிய கடைசி வேனின் சத்தமும் அடங்கிவிட்டது.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். பந்தியை வாசித்து விடை எழுதும் பகுதியில் இந்த டியூஷன் வகுப்பில் யாரும் ஏழு மார்க்ஸைத் தாண்டியதில்லை. வழக்கமாக நாலோடு நிற்கும் அனீஸா, இன்று பத்துக்கு ஒன்பது! அதுவும் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்து, டீச்சரின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில்தான் விடைகள் எழுதிய கொப்பி திறந்து கிடந்தது.

போதாததற்கு, வினாத்தாளை இரண்டு பக்கமும் ஃபோட்டோகொப்பி எடுத்தது கண்டி டவுனில் முஹைதீனின் கடையில். முஹைதீன், அனீஸாவின் தாய்மாமா.

"இந்தக் கிழமை மாமா கடைக்குப் போனியா?"

"ஓ டீச்சர், போன."

சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "போய்?"

"ரெண்டு ரோல்ஸ் திண்ட. பொறகு உம்மாவோட வந்துட்ட."

"பகிடி விடாதே. அப்ப ஒன்பது எப்படி வந்துச்சு?"

"நீங்க சொல்லித் தந்த மாதிரித்தான். முதல்ல கேள்வியெல்லாத்தையும் வாசிச்ச. ஒரு கேள்விக்குள்ள இன்னொரு கேள்விட விடை ஒளிஞ்சி ஈக்கும் எண்டு சொன்னீங்கதானே?"

"எங்க ஒளிஞ்சிருந்துச்சு? சொல்லு பார்ப்போம்."

அனீஸா விரலை மடித்தாள். "மூணாவது கேள்வி, 'பொன்னையா நனைந்த கரட் மூட்டையை ஏன் கலஹா பஸ்ஸில் ஏற்றவில்லை?' அப்ப, என்ன மூட்டை எண்டு கேட்ட ரெண்டாவதுக்கு விடை கரட். நனைந்த எண்டு ஈக்குறதால நாலாவதுக்கு மழை. ஏழாவதுல 'நடந்தே வந்த பொன்னையா' எண்டு ஈக்குது. அதால ஆறாவதுல பஸ், ஓட்டோ, லொறி மூணையும் வெட்டின."

தடுமாறாமல் சொன்னாள். அந்தத் தடுமாறாமைதான் சுகிர்தாவை உறுத்தியது. யாரோ பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பாடமாக்கிவிட்ட மாதிரி இருந்தது.

"சரி, முதலாவது? பொன்னையா எந்த நாள் சந்தைக்குப் போனார்? பந்தியில முதல் வரியிலயே இருக்கு. ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டு இருக்கிற ஃபாஸில்கூட திங்கட்கிழமைன்னு எழுதியிருக்கான். வகுப்புலயே நீ ஒருத்திதான் ஞாயிற்றுக்கிழமைன்னு போட்டிருக்க!"

"சந்தைக்கு ஞாயிறுதானே டீச்சர் போற?"

"அது உங்க வாப்பா போற நாள். பந்தியில என்ன இருந்துச்சு?"

அனீஸா சப்பாத்து நுனியைப் பார்த்தாள்.

"என்னைப் பார்த்துப் பேசு. பந்திய வாசிச்சியா, இல்லையா?"

"வாசிக்கல்ல டீச்சர்."

"அப்படி வா வழிக்கு!" சுகிர்தா கைபேசியை எடுத்தாள். "பந்திய வாசிக்காமலே ஒன்பது எடுக்கிற பிள்ளைக்கு இந்த வகுப்பு எதுக்கு? வாப்பாவைக் கூப்பிடுறேன். நாளையில இருந்து நீ வர வேணாம். உன் மாமாகிட்டயும் நான் பேசிக்கிறேன்."

"வாப்பாக்குச் சொல்லாதீங்க டீச்சர்." அனீஸாவின் குரல் உடைந்தது. "வகுப்ப நிப்பாட்டிருவாரு. நான் ஒண்டும் களவு செய்யல்ல."

"செய்யாத பிள்ளை ஏன் என் மேசையையே பார்த்துக்கிட்டு இருந்த?"

"பரீட்சை நேரம் வாயத் திறந்தா ரெண்டு மார்க்ஸ் வெட்டுவேன் எண்டீங்க. அதான் பேசாம பார்த்துக்கொண்டு ஈந்த."

"என்னத்தை?"

அனீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து வினாத்தாளை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கத்தில் பத்துக் கேள்விகளும் ஒழுங்காக இருந்தன. சுகிர்தா தாளைத் திருப்பினாள். மறுபக்கம் ஓர் எழுத்துகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"கேள்விய முதல்ல வாசிக்கச் சொன்னீங்க, வாசிச்சிட்ட. பந்திய எப்ப டீச்சர் தருவீங்க?"