களவில்லாத் தெரு

"சேச்சி, கழிஞ்ஞ ஒரு வருஷத்துல இந்த வீட்டுல எதாவது களவு போச்சா?"

நீது கேட்டது பொன்னம்மையிடம். தங்கப்பன் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். குற்றக் கணக்கெடுப்புக்கு வந்த பெண்ணுக்கு வீடுகளைக் காட்ட வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்.

"ஒண்ணும் போவல்ல மக்கா," என்றாள் பொன்னம்மை.

ஆறு பவுன் சங்கிலி போயிருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம், பட்டப்பகலில். அவள் போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடிவந்தவர் தங்கப்பன்தான். கள்ளனைப் பிடிக்க அல்ல, அவள் வாயை அடைக்க.

"ஸ்டேஷனுக்குப் போயிராத பொன்னம்மை. ஒரு கேஸ் பதிவானா போரும், களவில்லாத் தெருன்னு போலீசுல நமக்குத் தரவேண்டிய ஷீல்டு அடுத்த தெருவுக்குப் போயிரும்."

"ஜெயகுமார் என்னைக்கு பெங்களூரு போறான் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். இந்த நிலையிலும் என் மகனை விசாரிக்கிறாளே என்று தங்கப்பன் கூனிக் குறுகிப்போனார்.

ஷீல்டு வந்தது. அவர் வீட்டு ஷோகேசில்தான் இருக்கிறது. அதில் தன் முகம் தெரிகிறது என்பதால் அவர் அந்தப் பக்கமே போவதில்லை.

இன்று தாங்கவில்லை. "அவ பொய் சொல்லுகா! ஆறு பவுன் போச்சு, எழுதும்மா. புகார் குடுக்க விடாத மகாபாவி நான்தான்."

நீது இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு கையிலிருந்த டேப்லெட்டைத் தடவினாள். "புகார் குடுக்காததுக்குக் காரணம் கேக்குது சேச்சி. ஒண்ணு, சின்னப் பொருள். ரெண்டு, போலீஸ்ல விசுவாசம் இல்ல. மூணு, யாரோ தடுத்தாங்க..."

"மூணு! மூணே போடு," என்றார் தங்கப்பன். ஒன்பது மாதப் பாரம் இறங்கியது.

"இன்னும் இருக்கா மக்கா?" என்றாள் பொன்னம்மை.

"நாலு, தண்டமா அலைய வேண்டாம்னு. அஞ்சு, எடுத்தது தெரிஞ்ச ஆளு."

"அஞ்சு போட்டுக்கோ."

நீது அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். தங்கப்பனுக்கு ரத்தம் கொதித்தது.

"தெரிஞ்ச ஆளா? யாரு அந்த நாறப்பய? ஷீல்டு கெடக்கட்டு, பேரச் சொல்லு. நானே உன்னைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பொன்னம்மை கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொவரேறிக் குதிச்சது நம்ம ஜெயகுமாருல்லா அண்ணாச்சி."