அண்ணியின் வாய்

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? அண்ணன் நிம்மதியா வேலை பார்க்கட்டும்."

ஜீப்காரர் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கின் மனைவி நகரவில்லை. திறந்திருந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம், கணவருக்கு நேரெதிரே, கையில் எண்ணெய்த் துணியோடு நின்றாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் மண்மேடு ஏறும் போட்டி. போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும், இந்த ஜீப் உச்சிக்குப் பத்தடி கீழே இருமிவிட்டு நின்றுபோனது.

"மேடு செங்குத்தா ஆகும்போது வண்டி சாயுதுல்ல, கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோலும் சாயுது. வழிஞ்சு உள்ளே போயிடுது. இன்ஜினுக்கு மூச்சு முட்டுது," என்றார் மெக்கானிக்.

கிண்ணத்துக்குள் இருந்த மிதவையை ஒரு மயிரிழை வளைத்து, பெட்ரோல் மட்டத்தைக் குறைத்தார். மூடினார்.

இனி காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னத் திருகாணி. அதைத் திருப்பத் திருப்ப இன்ஜினின் சத்தம் மாறும். எந்தச் சத்தத்தில் கையை எடுப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

அந்த வித்தைக்குத்தான் இவர் பேர்போனவர். மீட்டர் கீட்டர் எல்லாம் கிடையாது. காதை வைத்தே சொல்லிவிடுவார்.

ஆனால் இந்த வருஷம் ஊருக்குள் வேறு பேச்சு. 'அவருக்குக் கை தப்பிப் போச்சு. அவர் டியூன் பண்ணின ரெண்டு வண்டி நடுவழியில நின்னுடுச்சு.' பட்டறையில் இப்போது நிற்பது இந்த ஒரு ஜீப்தான். இதுவும் மேட்டில் நின்றுவிட்டால், பட்டறைக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

காரணம் ஜீப்காரருக்கு இப்போது புரிந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மூன்று மாதமாக அண்ணி வீட்டில் இருப்பதில்லையாம். இங்கேயே வந்து நின்றுவிடுகிறாளாம். பிறகு கை தப்பாமல் என்ன செய்யும்?

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுத் திருகாணியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார்.

"இன்னும்," என்றாள் மனைவி, விரலைச் சுழற்றி. "இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு இல்லை! கால் சுத்து பின்னாடி. ம்... இப்போ அதுல பாதி முன்னாடி."

ஜீப்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"அண்ணே, இங்கே மெக்கானிக் நீங்களா, அண்ணியா?"

மெக்கானிக் பதில் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அம்மாடி, என்ன தலைக்கனம்!' என்று ஜீப்காரர் மனசுக்குள் முனகிக்கொண்டார்.

"நான் வெறும் வாய்தாங்க," என்று சிரித்தாள் மனைவி. "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, இந்த வாயை யாராலயும் மூட முடியலை."

"அதான் பார்க்கிறேனே!"

கடைசியில் அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "போதும்."

மெக்கானிக் சட்டென்று கையை எடுத்தார்.

போட்டியில் எட்டு வண்டிகள். ஒன்று சேற்றில் புதைந்தது. இன்னொன்று பாதி மேட்டிலிருந்து பின்பக்கமாகவே வழுக்கி இறங்கியது. கடைசியாக ஜீப்பின் முறை.

பாதி மேடு. முக்கால் மேடு. இதோ, போன வருஷம் நின்ற இடம். ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

கீழே மெக்கானிக்கின் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மெக்கானிக் மேட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் இருமவில்லை. ஒரே சீரான உறுமல். பத்தடி... ஐந்தடி... உச்சியில் நட்டிருந்த கொடியையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே போய் நின்றது!

விசில் காதைப் பிளந்தது. நாலைந்து பேர் ஓடிவந்து மெக்கானிக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"நாளைக்குக் காலையில என் வண்டிதான் முதல்ல!"

"அது எப்படி? நான் இப்பவே கொண்டு வந்து விட்டுடறேன்!"

தோளிலிருந்து இறக்கிவிட்டும் கூட்டம் அவரை விடவில்லை. ஜீப்காரர் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் மைக்குமாக மேடையில் நின்றார்.

"இந்தக் கோப்பை எனக்கில்லை, எங்க அண்ணனுக்கு! ஒரே ஒரு குறைதான். அண்ணி மட்டும் பக்கத்துல நின்னு நொய்நொய்னு பேசாம இருந்திருந்தா, அரை மணி நேரம் முன்னாடியே வேலை முடிஞ்சிருக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அலறியதில் பக்கத்திலிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கு நேர்கீழே நின்ற மெக்கானிக் அசையவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சற்றுத் தாமதமாக அவரும் சிரித்தார்.

ஜீப்காரர் மேடையை விட்டு இறங்கி, கோப்பையோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே!"

மெக்கானிக் திரும்பவில்லை.

"அண்ணே!"

அப்போதும் திரும்பவில்லை. எதிரே நின்ற மனைவியிடம், "மேடையில அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

அவள் அவர் முகத்துக்கு நேராக நின்றாள். குரலே எழுப்பாமல், உதடுகளை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக அசைத்தாள். பின்னால் கோப்பையோடு நின்ற ஜீப்காரருக்கும் அது தெளிவாகவே புரிந்தது.

"உங்க காதுக்கு... ஈடே... இல்லையாம்!"