புது சோபாவில் பழைய விரிப்பு

குடும்பங்கள் வீட்டுச் சாமான்களுக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று கணக்கெடுக்க வந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். அதற்குள் கணவன், போன வாரம் வாங்கிய சோபாவின் மேல் வெளுத்துப்போன படுக்கை விரிப்பை இழுத்துப் போடுகிறான். “வரி போடத்தான் வந்திருக்கா. வாயத் திறக்காத,” என்று மனைவியின் காதைக் கடிக்கிறான். ஜன்னல் வெயிலில் விரிப்பின் கிழிசல் வழியே ஏதோ பளபளக்கிறது. மனைவி சும்மா நிற்பவள் போல அதை மறைத்து நிற்கிறாள். “இந்த வருஷம் கட்டில், மேசை, சோபா ஏதாவது வாங்கினீங்களா?” “எங்கங்க! இருக்கறத வச்சுதான் ஓட்டறோம்.” வந்தவள் எழுதிக்கொண்டே சோபாவில் உட்காருகிறாள். விரிப்புக்கடியில் பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது. அவள் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறாள்: “எங்க வீட்லயும் இன்னும் கவரப் பிரிக்கலைங்க.”