கஞ்சக்கா விடாத இடம்

"சார், முப்பத்திரண்டு கிலோபைட்டைக் காணோம்!"

டெஸ்ட் பண்ற பொண்ணு வந்து சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்! நாங்க செய்யிறது பட்டன் போன். அதுல மெமரியே கைக்குட்டை அளவுதான். புதுசா ஒரு கேம் சேர்க்கணும், இடம் போதலைன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்.

தேடிப் பார்த்தா, அமுக்கி வெச்சிருந்தது கஞ்சக்கா!

எங்க டீமிலேயே வயசுல மூத்தவங்க. பேரு நாங்க வெச்சதுதான். ஒரு பைட் கூடுதலா எடுத்தாலும், "உங்கப்பன் வீட்டு மெமரியா? வேலை முடிஞ்சா விட்டுடு"ன்னு உரிச்செடுத்துடுவாங்க. அவங்களே ஒரு இடத்தை வளைச்சுப்போட்டு, வேற எந்த புரோகிராமும் உள்ளே நுழையாம பூட்டி வெச்சிருக்காங்க.

நேரா அவங்க சீட்டுக்குப் போனேன்.

"என்னக்கா, வேலியே பயிரை மேயுதா?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அக்கா சிரிக்கலை.

"அதை மட்டும் விட்டுடு தம்பி."

"காரணம் சொல்லுங்க. இல்லேன்னா இன்னிக்கே தூக்கிடுவேன்."

அக்கா டிராயரைத் திறந்து ஒரு போனை எடுத்தாங்க. நம்ம கம்பெனியோட பழைய மாடல். பட்டன்ல நம்பரெல்லாம் தேய்ஞ்சு போயிருந்தது.

"இதுல என் வீட்டுக்காரர் பேசி அனுப்பின மெசேஜ் ஒண்ணு இருந்துச்சு. பதினொரு செகண்ட். 'வந்துட்டே இருக்கேன், சாப்பிடாம காத்திருக்காதே'ன்னு. அன்னிக்கு வண்டி மோதிருச்சு. மனுஷன் வரவே இல்லை."

"ரெண்டு வருஷம் தினம் அதைப் போட்டுக் கேட்டேன். ஒருநாள் எவனோ விளம்பரம் பேசி அனுப்பினான். இடம் இல்லைன்னு பழசை அழிச்சுட்டு அதை ஏத்திக்கிச்சு போன். எப்படியாவது மீட்டுட மாட்டோமான்னுதான் இந்த வேலைக்கே வந்தேன். முடியலை. இப்போ அந்த வார்த்தை ஞாபகம் இருக்கு தம்பி, குரல்தான் வரமாட்டேங்குது. ஒரே ஒரு தடவை கேட்டா போதும்னு இருக்கு."

"அப்போ இந்த இடம்?"

"ஒரு மெசேஜைப் பத்து தடவைக்கு மேல கேட்டா, அதை இங்கே எடுத்து வெச்சுக்கும். போன் தானா அழிக்காது. முன்னாடியே சொல்லியிருந்தா கேமுக்குன்னு பிடுங்கியிருப்பீங்க."

டெஸ்ட் பண்ற பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "பழசை அழின்னு எழுதின புண்ணியவான் யாருன்னு பார்த்தீங்களாக்கா? ஒவ்வொரு புரோகிராம் மேலயும் எழுதினவங்க பேரு இருக்குமே?"

"சேர்ந்த அன்னிக்கே பார்த்தேன். சின்னப் பையன். செய்யின்னாங்க, செஞ்சிருக்கான். அவனுக்கு என்ன தெரியும்?"

சொல்லிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வழக்கம்போல பாதியை மூடியில எடுத்து என் பக்கம் தள்ளினாங்க.

"மணி ஒண்ணாச்சு, சாப்பிடு தம்பி. கேமுக்கு வேற இடம் தேடலாம்."

ஏழு வருஷமா அவங்க கையால சாப்பிடறேன். அந்த புரோகிராம் மேல இருக்கிறது என் பேரு.