கவிழ்ந்த பிறை

கேடயத்தைத் தலைகீழாக மடியில் கிடத்திக்கொண்டு, எங்கள் சிலேசியக் கோமகனின் சின்னமான கருங்கழுகுக்கு மார்பில் வெள்ளைப் பிறை தீட்டுகிறார் என் கணவர் ஜெகோட்டா. நாளை, கிழக்கிலிருந்து படையெடுத்து வரும் தாத்தார்ப் படையை எதிர்க்கப் புறப்படுகிறார். முற்றத்தில் இளவெயில். கேடயத்தை நிமிர்த்துகிறார், கொம்புகள் மேல்நோக்க வேண்டிய பிறை கவிழ்ந்திருக்கிறது. மாவுக் கையோடு எட்டிப் பார்க்கிறேன்.

“என்னங்க, கழுகுக்கு நெஞ்சுல மீசை வச்சிருக்கீங்க?”

“தாத்தார்க்காரன் சிரிச்சே சாகட்டும்டி. வந்து மாத்திடறேன்.”

அவர் மூக்கில் வெள்ளைச் சாயம். துடைக்கிறேன், என் மாவும் அங்கே ஒட்டிக்கொள்கிறது. இருவரும் சிரிக்கிறோம்.

கேடயம் மட்டுமே திரும்பி வந்தது. வழக்கப்படி தேவாலயச் சுவரில் மாட்டினார்கள். பிறையைத் திருத்தி வரையட்டுமா என்று பாதிரியார் கேட்டார். வேண்டாம் என்றேன். ஞாயிறுதோறும் பார்க்கிறேன்; கழுகுக்கு அந்த மீசை அப்படியே இருக்கிறது.